பக்க மடல்களைத் தாழ்த்த எந்த வழி: மொரிஷியசில் சிறிய ஆண்டெனா அணி அமைக்க எண்ணுவோருக்கு ஓர் ஒப்பீடு

மொரிஷியஸ் பல்கலைக்கழகமும் பெங்களூரின் இராமன் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய வானியற்பியல் நிறுவனமும் இணைந்து இத்தீவின் வடகிழக்கில் உள்ள ப்ரா டோவில் அமைத்த வானொலித் தொலைநோக்கி, 1990களில் 151.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் தென்வானத்தைப் படமாக்கியது. கிழக்கு மேற்காக 2048 மீட்டர் நீளத்தில் 1024 சுருள் ஆண்டெனாக்களும், தெற்கு நோக்கிச் செல்லும் 880 மீட்டர் கையில் தண்டவாளத்தின் மேல் நகரும் வண்டிகளில் பொருத்தப்பட்ட ஆண்டெனாக்களும் அதில் இருந்தன. அந்த அளவை ஒரு கல்லூரிக் குழுவோ ஆர்வலர் குழுவோ எட்ட முடியாது; ஆனால் பத்து ஆண்டெனாக்களை ஒரே வரிசையில் நட்டு, அதே அலைவரிசையில் வானத்தைக் கேட்பது எட்டக்கூடிய செயலே. ரோஸ் ஹில்லிலும் காத்ர் போர்னிலும் தமிழ் வகுப்புக்குச் சென்று வளர்ந்து, பொறியியலை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படிக்கும் நம் பிள்ளைகள் இத்தகைய அணியைத் திட்டமிடும்போது முதலில் தடுமாறும் இடம் பக்க மடல்களே, அதாவது நோக்கும் திசைக்கு வெளியே அணி வேண்டாமலே ஓரளவு கேட்டுவிடும் திசைகளே. பாடநூல் ஐந்தாறு முறைகளை அடுத்தடுத்துச் சொல்லிவிட்டு, எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் படிப்பவரிடமே விட்டுவிடுகிறது. அந்தத் தேர்வைப் பற்றியதே இக்கட்டுரை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து உறுப்புள்ள, அதாவது பத்து ஆண்டெனா உள்ள, அணியில் பக்க மடல் எவ்வளவு தாழும் என்பதை முடிவு செய்வது நாம் தேர்ந்தெடுக்கும் கணிதமுறை மட்டும் அன்று. கேபிள்களின் நீளப் பிழையும் பெருக்கிகளின் ஏற்றத்தாழ்வும் அதே அளவுக்கு அதை முடிவு செய்கின்றன. ஆகையால் பக்க மடலின் திறன் 25 அல்லது 26 டெசிபெல், அதாவது சில நூறில் ஒரு பங்காக, தாழ்ந்தால் போதும் என்ற நிதானமான இலக்கை வைத்துக்கொண்டு, மிச்சமாகும் உழைப்பையும் பணத்தையும் அளவுத்திருத்தத்தில் செலவிடுவதே சரி என்று கருதுகிறேன்.

ஒரே இடைவெளியில் நிற்கும் உறுப்புகளின் குறிப்பலைகளை ஒரே எடையுடன் (எடை என்பது கூட்டும் முன் ஒவ்வொரு குறிப்பலையையும் பெருக்கும் எண்) கூட்டினால், நோக்கும் திசையில் அவை அனைத்தும் ஒரே கட்டத்தில், அதாவது ஏற்ற இறக்கம் ஒத்து, சேர்ந்து முதன்மை மடலைத் தருகின்றன. மற்றத் திசைகளில் அவை ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்கின்றன என்றாலும், முழுவதும் அழித்துக்கொள்வதில்லை. அந்த மிச்சமே பக்க மடல். அணியின் முனைகளில் எடை திடீரென்று சுழியாகி விடுவதால்தான் இந்த மிச்சம் பெரிதாக இருக்கிறது; நடுவிலிருந்து முனை நோக்கி எடையைப் படிப்படியாகக் குறைத்தால் அது சிறுக்கும். அதற்கு விலையாக முதன்மை மடல் அகலும், முனை உறுப்புகளின் உழைப்பில் ஒரு பகுதி வீணாகும். எடையிடும் முறைகள் யாவும் இந்தப் பேரத்தின் வெவ்வேறு வடிவங்களே.

நம் வானத்தில் இது ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். மொரிஷியஸ் தென் அட்சரேகை 20 பாகையில் உள்ளது. நம் பால்வெளியின் மையம் இங்கே ஏறத்தாழத் தலைக்கு மேலேயே, உச்சிக்கு 9 பாகை தெற்கே கடந்து செல்கிறது. வானொலி வானியலுக்கு இது பெரும் பேறு. ஆனால் வட வானத்தின் வலிமையான மூலமான சிக்னஸ் ஏ, வடக்கு அடிவானத்திலிருந்து 29 பாகை உயரம் வரை ஏறி வருகிறது. இந்த அதிர்வெண்ணில் அதன் வலிமை பத்தாயிரம் ஜான்ஸ்கி (வானொலி மூலத்தின் வலிமைக்கான அலகு) அளவிலானது. காசியோப்பியா ஏ 11 பாகை உயரம் வரைதான் ஏறும் என்றாலும், வலிமையில் அதற்கு இளைத்தது அன்று. உச்சியை நோக்கி அணியைத் திருப்பி வைத்து, சில ஜான்ஸ்கி வலிமையுள்ள ஒரு மூலத்தைத் தேடுவதாகக் கொள்வோம். சமச்சீர் எடையில், அதாவது எல்லா உறுப்புகளுக்கும் ஒரே எடை என்ற நிலையில், முதல் பக்க மடல் முதன்மை மடலுக்கு 13 டெசிபெல் கீழே நிற்கிறது. அதாவது இருபதில் ஒரு பங்கு. சிக்னஸ் ஏ அத்தகைய மடலின் சிகரத்தில் விழுந்தால் 500 ஜான்ஸ்கியாக உள்ளே வரும். 26 டெசிபெல் கீழே நிற்கும் மடலில் அது 25 ஜான்ஸ்கியாகச் சுருங்கும். தாழ்ந்த கோணங்களில் ஆண்டெனாவின் சொந்த உணர்திறன் குறைவாக இருப்பதும், சமச்சீர் எடையில் தொலைவிலுள்ள மடல்கள் முதல் மடலை விடத் தாழ்ந்திருப்பதும் நமக்குச் சாதகமே. ஆயினும் தேடும் மூலத்தை மறைக்க இந்த எச்சமே போதும். எடையிடல் மட்டுமே இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடாது என்பதையும் இதே எண் சொல்லுகிறது. இதைப் பின்னர் விரிவாகப் பார்ப்போம்.

இப்போது தேர்வுகளுக்கு வருவோம். பத்து உறுப்புகள், அரை அலைநீள இடைவெளி, வடக்கு தெற்கான ஒரே வரிசை. இந்த அமைப்பை எல்லா முறைக்கும் பொதுவாக வைத்துக்கொள்கிறேன். 151.5 மெகாஹெர்ட்சில் அரை அலைநீளம் 99 சென்டிமீட்டர். ஆகவே வரிசை பத்து மீட்டருக்குள் அடங்கிவிடும்.

சமச்சீர் எடையில் கற்றையின் (முதன்மை மடலின்) அரைத்திறன் அகலம், அதாவது திறன் பாதியாகும் இரு திசைகளுக்கு இடைப்பட்ட கோணம், 10.2 பாகை. ஒவ்வோர் உறுப்பும் முழுமையாகப் பயன்படுகிறது. பிரிப்பான் சுற்றுகளை ஒரே மாதிரியாகச் செய்யலாம். ஓர் உறுப்பு பழுதானால் வேறு எந்த உறுப்பை வேண்டுமானாலும் அதன் இடத்தில் வைக்கலாம். பக்க மடலைப் பொருட்படுத்த வேண்டாத வேலைகளுக்கு இதைவிட நல்லது இல்லை. சூரியனின் வெடிப்புகளை மட்டும் பதிவு செய்ய விரும்பும் குழு இத்துடன் நின்றுவிடலாம்.

இதற்கு எதிர்முனையில் இருப்பது ஈருறுப்பு எடை. பாஸ்கல் முக்கோணத்தின் எண்களை அப்படியே எடைகளாக வைத்தால், அரை அலைநீள இடைவெளியில் பக்க மடலே இருக்காது. கேட்பதற்கு இது கவர்ச்சியாக இருக்கிறது. வகுப்பறையில் இதைக் கேட்ட மாணவர் பலர் இதையே கட்டலாமே என்று நினைப்பது இயல்பு. ஆனால் பத்து உறுப்புக்கு எடைகள் 1, 9, 36, 84, 126 என ஏறி, அதே வரிசையில் இறங்குகின்றன. முனை உறுப்பின் வீச்சு நடு உறுப்பின் வீச்சுக்கு 42 டெசிபெல் கீழே கிடக்கிறது. நடு உறுப்பின் பெருக்கியில் ஒரு விழுக்காடு வீச்சுப் பிழை இருந்தாலே அது முனை உறுப்பின் முழுப் பங்களிப்பை விடப் பெரிதாகிவிடும். அப்படியானால் அந்த முனை உறுப்பை நட்டதில் என்ன பொருள்? கற்றையோ 20.2 பாகையாக, ஏறத்தாழ இரு மடங்காக, அகன்றுவிடுகிறது. பயனுறுதிறன், அதாவது உறுப்புகளின் மொத்த உழைப்பில் பயனாகும் பங்கு, 54 விழுக்காடு மட்டுமே. அதே மூலத்தை அதே தெளிவுடன் அறிய, சமச்சீர் எடையில் ஆகும் நேரத்தைப் போல மூன்றரை மடங்கு நேரம் பதிவு செய்ய வேண்டும். ஈருறுப்பு எடை கற்பிப்பதற்கு மிக நல்லது, கட்டுவதற்கு அன்று என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

இவ்விரண்டுக்கும் நடுவில் டால்ஃப் 1946இல் வெளியிட்ட முறை நிற்கிறது. நீராவி எந்திரங்களின் இணைப்புத் தண்டுகளை ஆராய்ந்தபோது ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவ் 1854இல் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த பல்லுறுப்புக்கோவைகளை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு ஆண்டெனாவுக்குப் பொருத்தியவர் அவர். எல்லாப் பக்க மடல்களையும் ஒரே உயரத்தில் நிறுத்துவதே இதன் சாரம். ஒரு மடலை மட்டும் தேவைக்கு மேல் தாழ்த்தி வைப்பது வீண் என்பதால், தாழ்த்தும் வசதி எல்லா மடல்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. இதனால் கிடைக்கும் பலன் உறுதியான ஒன்று: அரை அலைநீளமோ அதற்கு மேலோ சம இடைவெளி உள்ள அணியில், குறிப்பிட்ட பக்க மடல் அளவுக்கு இதைவிடக் குறுகிய முதன்மை மடலை வேறு எந்த எடைத் தொகுதியும் தர முடியாது. 26 டெசிபெலுக்கு நம் பத்து உறுப்புகளின் எடைகள் முனையிலிருந்து நடு வரை 1, 1.36, 1.97, 2.50, 2.80. நடுவுக்கும் முனைக்கும் உள்ள வேறுபாடு 9 டெசிபெல் மட்டுமே. எளிய பிரிப்பான் சுற்றுகளால் செய்துவிடக்கூடியது. கற்றை 11 பாகை. சமச்சீர் எடையை விட 8 விழுக்காடு மட்டுமே அகலம். பயனுறுதிறன் 89 விழுக்காடு. பதிவு நேரம் நான்கில் ஒரு பங்கு கூடும். பக்க மடல்களின் உச்சத் திறனை இருபதில் ஒரு பங்கிலிருந்து நானூறில் ஒரு பங்காகக் குறைப்பதற்கு இது மலிவான விலை என்றே சொல்வேன்.

டால்ஃபின் முறைக்கு ஒரு குறை உண்டு. எல்லா மடல்களும் ஒரே உயரத்தில் நிற்பதால், தொலைவில் அடிவானத்தை ஒட்டிய மடலும் தாழாமல் அப்படியே நிற்கிறது. உறுப்புகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, முனை உறுப்பின் எடை அதற்கு அடுத்ததை விட உயரத் தொடங்கும் விந்தையும் நிகழ்கிறது. அதைச் சுற்றாகச் செய்வது கடினம். இவ்விரு குறைகளையும் 1955இல் டெய்லர் தீர்த்து வைத்தார். முதன்மை மடலுக்கு அருகிலுள்ள சில மடல்களை மட்டும் சமமாக நிறுத்திவிட்டு, அவற்றுக்கு அப்பால் உள்ளவற்றைத் தாமாகவே தாழ விடுவது அவர் வழி. பெரிய ராடார்களில் இம்முறை நிலைத்துவிட்டதற்குக் காரணம் இதுவே. ஆனால் டெய்லரின் கணக்கு தொடர்ச்சியான முகப்புக்கானது. அதைத் தனித்தனி உறுப்புகளில் மாதிரியெடுக்கும்போது, பத்து உறுப்பு போன்ற சிறிய அணியில் பிசிறு தட்டும். அதற்காகவே வில்னெவ் 1984இல் தனியுறுப்பு அணிகளுக்கென ஒரு வடிவத்தைக் கொடுத்தார். பத்து உறுப்பில் டால்ஃபுக்கும் வில்னெவுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியது. அடிவானத் தொல்லை மிகுந்த இடமானால் வில்னெவைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றபடி டால்ஃபே போதும்.

வீச்சை மாற்றாமல் இடைவெளியை மாற்றிப் பக்க மடலைத் தாழ்த்தலாம் என்ற கருத்தும் பழையதே. நடுவில் நெருக்கமாகவும் முனைகளில் அகலமாகவும் உறுப்புகளை நடுவது அது. எடையிடும் சுற்று தேவையில்லை, எல்லாப் பெருக்கிகளும் ஒரே அளவில் இயங்கலாம் என்பவை இதன் நற்பண்புகள். ஆனால் இந்த வழியும், அதன் நீட்சியான சமவாய்ப்பு முறையும் உறுப்புகளின் பெரும் எண்ணிக்கையை நம்பி இருப்பவை. உறுப்புகளை ஒழுங்கின்றிச் சிதறினால் பக்க மடல்களின் சராசரித் திறன், உறுப்பு எண்ணிக்கையில் ஒரு பங்காக அமையும். ஆஸ்திரேலியாவில் அமையும் எஸ்கேஏ (சதுர கிலோமீட்டர் அணி) தாழ் அதிர்வெண் தொலைநோக்கியின் ஒவ்வொரு நிலையத்திலும் 256 ஆண்டெனாக்கள் இருப்பதால், அங்கே அந்தச் சராசரி 24 டெசிபெல் கீழே செல்கிறது. அங்கே ஒழுங்கின்மை ஓர் ஆயுதம். பத்து உறுப்புக்கோ அது 10 டெசிபெல். சமச்சீர் அணியின் முதல் மடலே அதைவிடத் தாழ்ந்தது. எஸ்கேஏ திட்டத்தின் எட்டு ஆப்பிரிக்கக் கூட்டாளி நாடுகளில் மொரிஷியசும் ஒன்று என்பதால் அந்த வடிவமைப்பு நம் மாணவர்களை ஈர்ப்பது இயல்பு. ஆனால் அதன் தருக்கம் சிறிய அணிக்குப் பொருந்தாது.

எடைகளைப் பல முறை முயன்று தேடும் மரபணு நிரல், துகள் திரள் நிரல் முதலிய கணினி நிரல்கள் இப்போது ஆய்வேடுகளில் மலிந்து கிடக்கின்றன. சம இடைவெளி, சமமான உறுப்புகள் என்ற எளிய நிலையில் டால்ஃபின் விடையே உச்சம் என்று நிறுவப்பட்டிருக்கும்போது, அதே நிலைக்குத் தேடல் நிரலை ஓட்டுவது கணினி நேரத்தைச் செலவிடுவதே ஆகும். ஆண்டெனாக்களின் உண்மையான திசைப்பண்பை அளந்து அவற்றுக்கேற்ப எடை தேட வேண்டிய நிலையிலும், ஓர் உறுப்பு பழுதாகி மீதி ஒன்பதைக் கொண்டு சமாளிக்க வேண்டிய நிலையிலும்தான் அவை பயன்படும்.

எந்த எடையாலும் தாழ்த்த முடியாத ஒன்று உண்டு. கற்றையைக் குறுக்க வேண்டும் என்ற ஆசையில் உறுப்புகளை ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் எனத் தள்ளித் தள்ளி நட்டால், முதன்மை மடலுக்கு நிகரான இரட்டை மடல் ஒன்று வேறு திசையில் எழும். அது மிச்சம் அன்று. அங்கும் எல்லா உறுப்புகளும் ஒரே கட்டத்தில் சேர்கின்றன. ஆகவே எடைகள் அதைத் தொடுவதே இல்லை. உச்சியிலிருந்து 45 பாகை வரை கற்றையைத் திருப்ப வேண்டுமானால் இடைவெளி 1.16 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ப்ரா டோ தொலைநோக்கியிலும் தெற்குக் கையின் இடைவெளிகளை ஒவ்வொரு மீட்டராக அளந்தது இதனால்தான்.

அந்தத் தொலைநோக்கியிலிருந்து கற்க இன்னொன்றும் உள்ளது. அது ஆங்கில டி எழுத்து வடிவில் அமைந்தது. இரு கைகளும் வாங்கும் மின்னழுத்தங்களைப் பெருக்கி விடை காணும் வகையைச் சேர்ந்தது. சமச்சீர் எடையுள்ள ஒரே அணியின் திறன் வரைபடத்தில் 5 விழுக்காட்டுக்குக் கீழ் நிற்கும் முதல் பக்க மடல், இந்தப் பெருக்கல் முறையில் 22 விழுக்காடாக நிற்கும். ஒரு கையின் மின்னழுத்தப் பக்க மடல் மற்றக் கையின் முதன்மை மடலோடு பெருகுவதே காரணம். சிட்னி அருகே 1954இல் இயங்கத் தொடங்கிய மில்ஸ் சிலுவை அணியும் இதே இயல்புடையது. பத்து உறுப்பில் ஐந்தைக் கிழக்கு மேற்காகவும் ஐந்தை வடக்கு தெற்காகவும் நட்டு டி வடிவம் அமைக்கலாம் என்று எண்ணுவோர், எடையிடல் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். மேலே சொன்ன 26 டெசிபெலும், அதற்கு மேலான 30, 40 டெசிபெலும் பிழையற்ற அணிக்கான எண்கள். உண்மையான அணியில் ஒவ்வோர் உறுப்பிலும் சிறு வீச்சுப் பிழையும் சிறு கட்டப் பிழையும் இருக்கும். அவை ஒன்றுக்கொன்று தொடர்பின்றி அமைந்தால், எல்லாத் திசைகளிலும் ஒரு பிழைத் தளத்தை விரித்துவிடும். அந்தத் தளத்தின் சராசரி உயரம் எளிய கணக்கு: வீச்சுப் பிழையின் வர்க்கத்தையும் ரேடியனில் கட்டப் பிழையின் வர்க்கத்தையும் கூட்டி, உறுப்பு எண்ணிக்கையாலும் பயனுறுதிறனாலும் வகுக்க வேண்டும். டால்ஃப் எடையிட்ட பத்து உறுப்பில் பிழை 10 பாகையும் 1 டெசிபெலுமாக இருந்தால் தளம் 23 டெசிபெல் கீழே நிற்கிறது; 5 பாகையும் அரை டெசிபெலுமானால் 29; 2 பாகையும் 0.2 டெசிபெலுமானால் 37. முதல் நிலையில் 26 டெசிபெல் வடிவமைப்பே பிழைக்குள் மூழ்கிவிடுகிறது. இரண்டாம் நிலையில் 40 டெசிபெலுக்கு எடை கணக்கிடுவது காகிதத்தில் மட்டுமே இருக்கும் சாதனை. அகன்ற கற்றை என்ற விலையை முழுவதும் கொடுத்துவிட்டு, தாழ்ந்த மடல் என்ற பொருளைப் பெறாமல் திரும்புவதாகும் அது. நூறு உறுப்புள்ள அணியில் இதே பிழைகள் இன்னும் 10 டெசிபெல் தாழ்ந்துவிடும்; பெரிய ராடார்கள் 40 டெசிபெலைப் பற்றிப் பேச முடிவது தொழில்திறனால் மட்டும் அன்று, எண்ணிக்கையாலும்தான்.

வடிவமைத்த மடல் உயரத்துக்கு ஏறத்தாழ 10 டெசிபெல் கீழே பிழைத் தளம் இருந்தால்தான் அந்த வடிவமைப்பு நிலைக்கும் என்பது என் அளவுகோல். 26 டெசிபெல் டால்ஃபுக்கு 2 பாகை, 0.2 டெசிபெல் என்ற துல்லியம் வேண்டும் என்பது இதன் பொருள். 151.5 மெகாஹெர்ட்சில் 2 பாகை என்பது வெளியில் 11 மில்லிமீட்டர். அலை வேகம் 66 விழுக்காடான சாதாரண கோ-ஆக்சியல் கேபிளில் 7 மில்லிமீட்டர். பத்துக் கேபிள்களையும் ஒரே சுருளிலிருந்து வெட்டி, நீளத்தை அளவுநாடாவால் மட்டும் அல்லாமல் கட்டத்தை அளந்தும் ஒப்பிட வேண்டும் என்பதை இந்த எண்ணே சொல்கிறது. கேபிள்கள் வெயிலில் கிடந்தால் பாதி நிழலிலும் பாதி வெயிலிலும் உள்ளவற்றின் கட்டம் வெவ்வேறாக நகரும். ஒரே பள்ளத்தில் ஒன்றாகப் புதைப்பது நல்லது. நவம்பரிலிருந்து நீளும் சூறாவளிப் பருவத்தில் ஓர் ஆண்டெனா ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தோ உயர்ந்தோ போனால், உச்சியிலிருந்து வரும் அலைக்கு அது 1.8 பாகை பிழை. நம் இலக்கு முழுவதையும் அந்த ஒரு சென்டிமீட்டர் உண்டுவிடும். ஆகையால் ஒவ்வொரு சூறாவளிக்குப் பின்னும் உயரங்களை மீண்டும் அளப்பதைத் திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். கிழக்குக் கரையின் உப்புக் காற்றில் இணைப்பிகளின் அரிப்பும் வீச்சுப் பிழையாகவே வெளிப்படும்.

அருகருகே நிற்கும் ஆண்டெனாக்கள் ஒன்றின் மீது ஒன்று செலுத்தும் தாக்கத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். அரை அலைநீள இடைவெளியில் இணையாக நிற்கும் இரு அரையலை இருமுனை (டைபோல்) ஆண்டெனாக்களுக்கு இடையேயான பரிமாற்ற மின்மறுப்பு, அதாவது ஒன்றின் மின்னோட்டம் மற்றதில் எழுப்பும் தாக்கத்தின் அளவு, ஒவ்வொன்றின் சொந்த மின்மறுப்பில் 38 விழுக்காடு அளவுக்கு வருகிறது. நடு உறுப்புகளுக்கு இருபுறமும் அண்டை உண்டு, முனை உறுப்புக்கு ஒருபுறம் மட்டுமே. ஆகவே எடைகளைச் சரியாகச் செய்தும் முனைகள் வேறு விதமாக நடந்துகொள்ளும். வரிசையின் இரு முனைகளிலும் பொருத்தமான சுமையில் முடிக்கப்பட்ட போலி ஆண்டெனா ஒன்றொன்றை நடுவது இதற்கு எளிய மருந்து. பன்னிரண்டு ஆண்டெனா வாங்கிப் பத்தை மட்டும் பயன்படுத்துவது வீண்செலவு போலத் தோன்றினாலும், 30 டெசிபெல் எடைத் தொகுதியை விட அந்த இரண்டும் அதிகப் பலன் தரும்.

வரிசை அணியின் கற்றை ஒரு விசிறி போல விரிந்தது என்பதை மறப்பவர் பலர். வடக்கு தெற்கான வரிசையில் எடைகள் வடக்கு தெற்குத் தளத்தில் மட்டுமே பக்க மடலைத் தாழ்த்துகின்றன. கிழக்கு மேற்குத் தளத்தில் அடிவானம் வரை முழுவதும் முதன்மை மடலே. நேர் கிழக்கே கடலில் செல்லும் ஒரு கப்பல் 156.8 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையில் பேசினால், அதை எந்த டால்ஃபும் எந்த டெய்லரும் தடுக்க மாட்டார்கள். வானியலுக்கு ஒதுக்கப்பட்ட 150.05 முதல் 153 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்கு அது வெளியே இருந்தாலும், பெருக்கியைத் திணறடிக்கும். இருமுனை ஆண்டெனாக்களைக் கிழக்கு மேற்காகக் கிடத்தி, கீழே கம்பி வலை விரித்தால், ஒவ்வொரு ஆண்டெனாவுக்கும் அதன் அச்சுத் திசையில், அதாவது கிழக்கு மேற்கு அடிவானத்தில், தானாகவே சுழி, அதாவது எதையும் கேட்காத திசை, அமையும். செலவே இல்லாத இந்தத் திசைத் தேர்வு இந்தத் தொல்லைக்கு எந்த எடையை விடவும் மேலானது.

இப்போது கடைசித் தேர்வு. ஒவ்வோர் ஆண்டெனாவுக்கும் தனி ஏற்பி (ரிசீவர்) வைத்து, ஒரே கடிகாரத்தில் அவற்றை இயக்கி, எடைகளை மென்பொருளில் இடுவது. செலவு கூடுதல், ஆனால் மற்ற எல்லா வழிகளும் இதற்குள் அடங்கிவிடும். ஒரே பதிவிலிருந்து சமச்சீர் எடையிலும் டால்ஃப் எடையிலும் கற்றைகளை உருவாக்கி ஒப்பிடலாம். அளவுத்திருத்தத்தை வலிமையான மூலத்தைக் கொண்டே செய்யலாம். ஷெல்குனோஃப் 1943இல் காட்டியபடி, பத்து உறுப்பு அணியின் வரைபடம் ஒன்பதாம் படிப் பல்லுறுப்புக்கோவை. அதற்கு ஒன்பது சுழிகள் உண்டு. அவற்றில் ஒன்றை நகர்த்திச் சிக்னஸ் ஏ இருக்கும் திசையில் வைத்தால், எடையிடல் விட்டு வைத்த 25 ஜான்ஸ்கி எச்சத்தையும் பெரும்பாலும் அகற்றலாம். சுழியின் ஆழத்தையும் அதே பிழைத் தளம்தான் கட்டுப்படுத்தும் என்றாலும், அந்த மூலத்தைப் பார்த்துக்கொண்டே எடையைத் திருத்த முடிவதால் தளத்தை மீறி ஆழமாக்க வாய்ப்பு உண்டு. சூரியனுக்கும் இது பொருந்தும்: ஜூன் மாத நண்பகலில் அது உச்சிக்கு 43 பாகை வடக்கே நிற்பதால் சுழியில் வைக்கலாம்; டிசம்பரில் அது உச்சிக்கு அருகே முதன்மை மடலுக்குள்ளேயே வந்துவிடும், அப்போது இரவில் பதிவு செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

எடைகளைத் தானாகவே மாற்றிக்கொள்ளும் தகவமைப்பு முறைகளையும் மென்பொருளில் எழுதலாம். தகவல் தொடர்புக்கு அவை சிறந்தவை. ஆனால் வானத்தை அளப்பவருக்குக் கற்றையின் வடிவம் நேரத்துக்கு நேரம் மாறுவது பெரும் தொல்லை. அளவுத்திருத்தத்தில் பிழை இருந்தால் வேண்டிய மூலத்தையே தொல்லை என்று கருதி அழித்துவிடும் ஆபத்தும் உண்டு. நிலையான சுழிகளையே நான் பரிந்துரைப்பேன்.

வானொலி அலையை அனுப்பும் அணியாக இருந்தால் கணக்கு வேறு. உறுப்புக்கு ஒரு திறன் பெருக்கி என்றால், அவற்றை முழுத்திறனில் இயக்கினால்தான் சிக்கனம். எடையிட்டால் முனைப் பெருக்கிகள் பாதி உறங்கும். ஆகவே ராடார்களில் அனுப்பும்போது சமச்சீராகவும் வாங்கும்போது எடையிட்டும் இயக்குவது வழக்கம்.

ஆகவே பத்து உறுப்பு வாங்கும் அணிக்கு என் தேர்வு இது: வடக்கு தெற்காக ஒரு மீட்டர் இடைவெளியில் பத்து இருமுனைகள், அவை கிழக்கு மேற்காகக் கிடக்க வேண்டும், முனைகளில் இரண்டு போலி ஆண்டெனாக்கள், ஒவ்வோர் ஆண்டெனாவின் அடியிலும் ஒரே வகைப் பெருக்கி, ஒரே நீளக் கேபிள், முடியுமானால் தனித்தனி ஏற்பிகள். எடை டால்ஃப் 26 டெசிபெல், தேவைப்படும்போது ஒன்றிரண்டு நிலையான சுழிகள். ஏற்பிகளுக்குப் பணம் இல்லையென்றால், அதே டால்ஃப் எடைகளைப் பெருக்கிகளுக்குப் பின்னால் உள்ள கூட்டுச் சுற்றில் செய்யலாம். பெருக்கிக்கு முன்னால் அட்டெனுவேட்டர் வைத்து எடையிடுவது கூடாது, அது இரைச்சலைக் கூட்டும். கட்டப் பிழையை 5 பாகைக்குக் கீழே கொண்டுவர முடியாத குழு 20 டெசிபெல் எடையோடு நின்றுவிடட்டும். பின்னர் உறுப்புகள் 64 ஆகப் பெருகி, சதுர வடிவில் பரவி, பிழைத் தளம் 40 டெசிபெலை நெருங்கினால், அப்போது டெய்லரின் 30 டெசிபெல் எடையை எடுத்துக்கொள்வதற்கு நியாயம் பிறக்கும்.